ஃபீட்: ஊட்டமா, ஓடையா?

புதுச் சரக்கு வந்திருக்கிறதா என்று பார்க்க, திருவல்லிக்கேணி பாரதி சாலையின் பழைய புத்தகக் கடைகளை ஒரு நடை சுற்றி வந்தால் போதும். இணையக் கடைகளை அப்படித் தினமும் சுற்றிக்கொண்டிருக்க முடியாது. அதற்குத்தான் 'ஃபீட்': தளத்தில் புதிதாகச் சேர்ந்தவற்றின் பட்டியல், நம் கைபேசியிலோ கணினியிலோ உள்ள ஒரு செயலி அதைப் பார்த்து நமக்குக் காட்டும். தமிழில் இதற்கு ஊட்டம், ஓடை என்று இரண்டு சொற்கள் வழங்குகின்றன. என் கட்சி ஓடை.

ஆங்கிலத்தில் இது தீனி கொடுப்பதைக் குறிக்கும் பழைய வினை. 'ஃபுட்' இதற்கு நெருங்கிய உறவு. பிறகு இயந்திரத்துக்குள் பொருளை இடைவிடாமல் செலுத்துவதும் ஃபீட் ஆயிற்று. 1999இல் நெட்ஸ்கேப் என்ற உலாவி நிறுவனம் வெளியிட்ட ஆர்எஸ்எஸ் (இயக்கம் அல்ல, இத்தகைய பட்டியலை எழுதும் கோப்பு வடிவம்) வழியாக இச்சொல் இணையத்தில் பரவியது.

உண் என்பதன் பிறவினை ஊட்டு, அதிலிருந்து ஊட்டம். அகராதிப்படி பழுதில்லை. ஆனால் ஊட்டுகிறவர் பிள்ளைக்குப் பசிக்கிறதா என்று கேட்பதில்லை. நிலாவைக் காட்டிக் கவளத்தைத் திணித்துவிடுவார். சமூக ஊடகங்கள் செய்வது அதைத்தான், ஆகவே ஊட்டம் அவற்றுக்கே இருக்கட்டும். கடையின் ஃபீட் வேறு வகை. கடைக்காரர் நமக்கு எதையும் அனுப்புவதில்லை. புதிய பொருள்களின் பெயர், இணைப்பு, சேர்த்த நேரம் ஆகியவற்றை ஒரு கோப்பில் எழுதித் தன் தளத்தில் வைத்திருக்கிறார், அவ்வளவுதான். நம் செயலிதான் அவ்வப்போது போய்ப் பார்த்துவிட்டு வருகிறது. ஓடைக்குக் குடம் எடுத்துப் போவது போல.

இணையக் கடை நடத்த இடம் தரும் ஷாப்பிஃபை தளத்தில் நடக்கும் கடையானால், பொருள் தொகுப்புப் பக்கத்தின் முகவரிக்குப் பின்னால் ஒரு புள்ளியும் 'ஆட்டம்' என்ற ஆங்கிலச் சொல்லும் (atom, அதாவது அணு, கூத்து அல்ல) சேர்த்தால் பெரும்பாலும் ஓடை கிடைத்துவிடும். நேரத்தை மட்டும் கவனிக்க வேண்டும். கிரீன்விச் நேரப்படி 03:30 என்றிருந்தால் நமக்குக் காலை 9 மணி. இது தெரியாமல், விடியற்காலையிலேயே யாரோ கடை திறந்துவிட்டார்கள் என்று நான் வியந்ததுண்டு. இன்னொன்று: என் செயலி மணிக்கு ஒரு முறைதான் எட்டிப் பார்க்கும். பழைய புத்தகத்தில் இருப்பதோ ஒரே படி. 9 மணிக்குச் சேர்த்த நிகண்டு ஒன்றை 9.40க்குத் திறந்தேன், 'விற்றுவிட்டது' என்றிருந்தது.

சங்கப் பாடல்களில் ஓடை யானையின் நெற்றிப்பட்டத்தையும் குறிக்கும். சென்னையில் ஓடை என்றாலே மூக்கைப் பொத்தத் தோன்றும். அது சொல்லின் குற்றமில்லை.

செயலியை 'ஓடை வாசிப்பான்' என்கிறார்கள். ஓடையை யார் வாசிப்பார்கள்? எனக்கு அது குடம்தான்.