பொழுது சாயச் சாயத் தளரும் தசைகள்: மயஸ்தீனியா கிராவிஸ்

மயஸ்தீனியா கிராவிஸ் என்ற தசைத் தளர்ச்சி நோய் உள்ளவர்கள் காலையில் புறநோயாளிப் பிரிவுக்கு வரும்போது அவர்களிடம் பெரும்பாலும் எந்தக் குறையும் தெரிவதில்லை. பொழுது சாயச் சாயத்தான் இமை இறங்கும், பார்ப்பது இரண்டிரண்டாகத் தெரியும், பேச்சு மூக்கால் வரும், பாதிச் சாப்பாட்டிலேயே தாடை ஓய்ந்துபோய் அதைக் கையால் தாங்கிக்கொண்டு மெல்ல நேரிடும். மூளை ஸ்கேன் இயல்பாக இருப்பதால், ‘மனக்கவலை’, ‘அசதி’ என்ற முத்திரையோடு மாதக்கணக்கில் அலைந்தவர்களைத் தொடர்ந்து பார்க்கிறேன். மாலையில் முகத்தைக் கைபேசியில் படமெடுத்து வாருங்கள் என்று கேட்பது அதனால்தான்.

நரம்பு முனையில் சுரக்கும் அசிடைல்கோலின் என்ற வேதிப்பொருள், தசையில் அதை ஏற்கும் இடங்களான ஏற்பிகளில் சென்று பொருந்தினால்தான் தசை சுருங்கும். இந்நோயில் உடலின் எதிர்ப்பாற்றலே அந்த ஏற்பிகளைத் தாக்குகிறது. ஆகவே தசையை இயக்க இயக்க வலு குறைகிறது, ஓய்வெடுத்தால் திரும்புகிறது, மரத்துப்போதல் மட்டும் இருப்பதில்லை. கண்ணிமைக்காமல் ஒரு நிமிடம் மேலே பார்க்கச் சொன்னால் இமை மெல்லச் சரியும். அதன்மேல் இரண்டு நிமிடம் ஐஸ் வைத்தால் பலருக்கு உயரும். உடல் முழுதும் பரவிய நோயில் சுமார் 85 சதவீதத்தினருக்கு ரத்தத்தில் அந்த ஏற்பிகளைத் தாக்கும் எதிர்ப்பொருள் (ஆன்டிபாடி) தென்படும். நோயாளிகளில் 10 முதல் 15 சதவீதத்தினருக்கு நெஞ்சிலுள்ள தைமஸ் சுரப்பியில் கட்டி இருப்பதால் மார்பு ஸ்கேனைத் தவிர்க்கலாகாது.

பைரிடோஸ்டிக்மின் மாத்திரை தளர்ச்சியைத் தற்காலிகமாகக் குறைக்கும். நோயை அடக்க, எதிர்ப்பாற்றலைத் தணிக்கும் ஸ்டீராய்டு, அசத்தியோப்ரின் போன்றவை தேவைப்படும். கட்டி இல்லாதவர்களிலும், ஏற்பி எதிர்ப்பொருள் உள்ள பலருக்குத் தைமஸை அகற்றுவது பலன் தரும் என்பதை 2016இல் வெளியான பன்னாட்டு ஆய்வு உறுதிசெய்தது.

என்னை மிகவும் கவலைப்படுத்துவது சளி, காய்ச்சலுக்குக் கடையில் கேட்டு வாங்கும் மாத்திரைதான். சிப்ரோஃப்ளாக்சசின், அசித்ரோமைசின் ஆகிய ஆன்டிபயாடிக் மாத்திரைகளும், மருத்துவமனையில் தரும் ஜென்டாமைசின் ஊசி, ரத்தக்குழாயில் ஏற்றும் மெக்னீசியம், ரத்த அழுத்தத்துக்கான ப்ரோப்ரனலால் ஆகியவையும் நோயைத் திடீரென மோசமாக்கக்கூடும். பல் பிடுங்கப் போனாலும் நோயின் பெயரை முதலில் சொல்லுங்கள். ஆனால் பயந்துபோய் வழக்கமான மருந்தை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள்.

ஒரே மூச்சில் இருபது வரை எண்ண முடியவில்லை, எச்சிலை விழுங்க முடியவில்லை, படுத்தால் மூச்சு முட்டுகிறது என்றால் காலைவரை காத்திருக்காமல் தீவிர சிகிச்சைப் பிரிவுள்ள மருத்துவமனைக்கு அன்றிரவே செல்லுங்கள். இம்யூனோகுளோபுலின் என்ற எதிர்ப்பொருள் புரதத்தை ஏற்றியோ, ரத்தத்தின் நீர்ப்பகுதியான பிளாஸ்மாவை மாற்றியோ, தேவையானால் சிலகாலம் வென்டிலேட்டர் உதவி தந்தோ, பெரும்பாலானோரை அங்கே மீட்டுவிட முடிகிறது.