காய்ச்சல் சிரப் ஊத்துறதுக்கு முன்னாடி பாட்டில்ல இந்த நம்பரப் பாருங்க

காய்ச்சல்னு குழந்தைய தூக்கிட்டு வர்றவங்ககிட்ட நான் முதல்ல கேக்குறது, வீட்ல என்ன குடுத்தீங்க, எவ்ளோ குடுத்தீங்கன்னுதான். "பாராசிட்டமால் 5 எம்எல் குடுத்தோம் டாக்டர்"னு சொல்லுவாங்க. இத வச்சு எனக்கு ஒண்ணும் புரியாதுங்க, ஏன்னா அந்த 5 எம்எல்ல 120 மில்லிகிராம் மருந்து இருக்கலாம், 250 இருக்கலாம், அதுவே சின்னக் குழந்தைக்கான சொட்டு மருந்தா இருந்தா 500 மில்லிகிராம் போயிருக்கும், அதாவது பெரியவங்க போடுற ஒரு முழு மாத்திரை.

எத்தனை எம்எல்லுக்கு எத்தனை மில்லிகிராம்னு பாட்டில்ல போட்டிருக்கிறதுதான் நான் சொல்ற நம்பர். நம்ம ஊரு மெடிக்கல்ல பொதுவா மூணு விதமா கிடைக்குது. டிராப்ஸ்ல 1 எம்எல்லுக்கு 100 மில்லிகிராம், சாதா சிரப்ல 5 எம்எல்லுக்கு 120, ஸ்ட்ராங் சிரப்ல 5 எம்எல்லுக்கு 250. வயச வச்சு கணக்கு போடாதீங்க, எடைதான் கணக்கு. கிலோவுக்கு 15 மில்லிகிராம், ஒரு வேளைக்கு. 10 கிலோ குழந்தைன்னா 150 மில்லிகிராம். இத டிராப்ஸா குடுத்தா ஒன்றரை எம்எல், 120 சிரப்னா ஆறேகால் எம்எல், 250 சிரப்னா 3 எம்எல். ஒரே குழந்தை, ஒரே மருந்து, ஆனா மூணு அளவு, பாத்தீங்களா. குறைஞ்சது நாலு, முடிஞ்சா ஆறு மணி நேர இடைவெளி விடணும், 24 மணி நேரத்துல நாலு தடவைக்கு மேல போகக் கூடாது.

நான் அதிகமா பாக்குறது மருந்து கம்மியாப் போற கேஸ்தான். டிராப்ஸ் தீந்துபோயிருக்கும், அந்த டிராப்பர மட்டும் கழுவி வச்சிருப்பாங்க, புதுசா வாங்குன 120 சிரப்ல அதே டிராப்பரால 1 எம்எல் எடுத்து ஊத்துவாங்க, குழந்தைக்குள்ள போனது வெறும் 24 மில்லிகிராம். ராத்திரி பூரா காய்ச்சல் இறங்கலன்னு பயந்து விடியக்காலைல ஊசி போடுங்கன்னு வந்து நிப்பாங்க. ஊசியே தேவையில்லங்க, சரியான அளவு குடுத்தா ஒரு மணி நேரத்துல குழந்தை கொஞ்சம் தெளிஞ்சு பால் குடிக்க ஆரம்பிச்சிரும்.

கூடிப் போறதுதான் எனக்கு நிஜமாவே பயம். போன தடவை 120 சிரப்ல ஏழரை எம்எல் எழுதிக் குடுத்திருப்பாங்க, 12 கிலோ குழந்தைக்கு அது சரியான அளவு. இந்தத் தடவை கடைல 250 சிரப் வாங்கிட்டு வந்து பழைய சீட்டப் பாத்து அதே ஏழரை எம்எல் ஊத்துனா 375 மில்லிகிராம், ரெண்டு மடங்குக்கு மேல. நாலு மணிக்கொருதரம்னு ரெண்டு மூணு நாள் இப்படிப் போச்சுன்னா, அதுவும் ஒழுங்கா சாப்பிடாம வாந்தி எடுத்துட்டு கெடக்குற குழந்தைன்னா, கல்லீரல் தாங்காது. பாராசிட்டமால் உடைஞ்சு வர்ற நச்சுப் பொருள கல்லீரல்ல இருக்கிற குளுட்டாதயோன்தான் செயலிழக்க வைக்குது, சாப்பாடு இறங்காத குழந்தைக்கு அது ஏற்கனவே குறைஞ்சிருக்கும். இதுல மோசம் என்னன்னா முதல் நாள் பெருசா எதுவும் தெரியாது, லேசா வாந்தி, சோர்வு, அதையும் காய்ச்சலாலன்னு நெனச்சு இன்னொரு வேளை மருந்து குடுப்பாங்க. மஞ்சள் காமாலை தெரியுறப்போ ரெண்டு மூணு நாள் ஓடிருக்கும்.

இன்னொன்னு, கால்பால், டோலோ, குரோசின்னு பேரு எதுவா இருந்தாலும் உள்ள இருக்கிறது பாராசிட்டமால்தான். சளிக்குன்னு தர்ற சில சிரப்லயும் அது சேர்ந்திருக்கும். அம்மா ஒண்ணு, பாட்டி ஒண்ணுன்னு ரெண்டு பேரும் பாசமாக் குடுத்து டபுள் டோஸ் ஆகுறது சர்வ சாதாரணமா நடக்குது. அதனால குடுத்த நேரத்த ஒரு பேப்பர்ல எழுதி ஃப்ரிட்ஜ்ல ஒட்டிருங்க, வீட்ல எல்லாரும் அதப் பாத்துட்டுத்தான் அடுத்தது குடுக்கணும்.

சமையல் ஸ்பூன், பாலாடை எதுவும் வேணாம். ஊசி இல்லாத 5 எம்எல் சிரிஞ்ச் ஒண்ணு வாங்கி வச்சுக்கோங்க, பாட்டில நல்லாக் குலுக்கிட்டு (அடில மருந்து தங்கிரும், குலுக்காட்டி மேல தண்ணியாவும் கடைசில கெட்டியாவும் வரும்) கன்னத்து ஓரமா மெதுவா விடுங்க.

காய்ச்சல் 101ஆ 103ஆன்னு தெர்மாமீட்டரையே பாத்துட்டு இருக்காதீங்க, குழந்தையப் பாருங்க. நடுவுல விளையாடுதா, ஒண்ணுக்குப் போகுதா, முகம் பாத்து சிரிக்குதான்னு கவனிங்க. மூணு மாசத்துக்குள்ள இருக்கிற குழந்தைக்கு 100.4 வந்தாலே வீட்ல மருந்து குடுத்துப் பாக்காம நேரா டாக்டர்கிட்ட வாங்க. மூச்சு வாங்குனா, எழுப்ப எழுப்ப தூங்கிட்டே இருந்தா, வலிப்பு வந்தா, அப்பவும் உடனே. மழை சீசன்ல டெங்கு இருக்கும், அதுல காய்ச்சல் இறங்குற சமயம்தான் ஆபத்தே, காய்ச்சல் விட்டுருச்சுன்னு நிம்மதியா இருக்கும்போது வயித்து வலி, நிக்காத வாந்தி, கை கால் சில்லுன்னு ஆகுறதுன்னு எது வந்தாலும் ஓடி வரணும். டெங்குவா இருக்கலாம்ங்கிறதாலதான் ஐபுப்ரோஃபென், மெஃபெனமிக் ஆசிட்னு வேற காய்ச்சல் மருந்து கலந்த சிரப்ப நீங்களா கடைல கேட்டு வாங்காதீங்கன்னு சொல்றேன், டெங்குல அது ரத்தக் கசிவக் கூட்டிரும். நிமிசுலைடுங்கிற இன்னொரு காய்ச்சல் மருந்த 12 வயசுக்குக் கீழ குடுக்கக் கூடாதுன்னு 2011லயே நம்ம நாட்டுல தடை போட்டாச்சு.

அளவு கூடிப் போச்சுன்னு சந்தேகம் வந்தா குழந்தை நல்லா இருக்கேன்னு காத்திருக்காதீங்க, விரல விட்டு வாந்தி எடுக்க வைக்காதீங்க. அந்த பாட்டிலையும் அளந்த ஸ்பூனையும் கையோட எடுத்துக்கிட்டு பெரிய ஆஸ்பத்திரிக்குப் போங்க. அசிட்டைல்சிஸ்டீன்னு இதுக்கு முறிவு மருந்து இருக்கு, எட்டு மணி நேரத்துக்குள்ள ஆரம்பிச்சா ரொம்ப நல்லா வேலை செய்யும், அதுக்கப்புறம் போனாலும் குடுப்பாங்க. எப்போ, எவ்ளோ குடுத்தீங்கன்னு மறைக்காம சொல்லுங்க, யாரும் திட்ட மாட்டாங்க, ரத்தத்துல அளவு பாத்து சிகிச்சைய முடிவு பண்ண அந்த நேரம்தான் அவங்களுக்கு வேணும்.