கைக்குறிப்பில் எதை எழுதுவது, எதை விடுவது

தணிக்கைப் பணியில் சேர்ந்த புதிதில், ஒரு கிடங்கின் சரக்கு இருப்பைச் சரிபார்த்துவிட்டு வந்து, இரண்டு வாரம் கழித்து அறிக்கை எழுத நோட்டைப் பிரித்தேன். பக்கத்தின் நடுவில் "15 – கேட்டாயிற்று, சரி" என்று என் கையெழுத்திலேயே இருந்தது. அந்த 15 மூட்டைகளின் எண்ணிக்கையா, தேதியா, சதவீதமா என்பதும், யாரிடம் கேட்டேன் என்பதும் எவ்வளவு யோசித்தும் நினைவுக்கு வராததால், மறுபடியும் போய் எண்ண வேண்டியதாயிற்று.

பேச்சின் வேகத்துக்குக் கை ஈடுகொடுக்காது என்பதைப் பலரும் குறையாகச் சொல்வார்கள். எனக்கு அதுதான் கைக்குறிப்பின் பலமாகத் தெரிகிறது, ஏனெனில் எல்லாவற்றையும் எழுத முடியாதவர் எது முக்கியம் என்று அந்த இடத்திலேயே முடிவு செய்தாக வேண்டும். 2014இல் முல்லர், ஓப்பன்ஹைமர் என்ற இருவர் வெளியிட்ட ஆய்வில், மடிக்கணினியில் குறிப்பெடுத்த மாணவர்கள் கேட்டதை ஏறக்குறைய அப்படியே தட்டச்சு செய்தார்கள். கருத்தைப் புரிந்து பதில் சொல்ல வேண்டிய கேள்விகளில், கையால் எழுதியவர்களைவிடப் பின்தங்கினார்கள். பிறகு அதே சோதனையை மீண்டும் செய்து பார்த்தவர்களுக்கு அந்த வேறுபாடு அவ்வளவு தெளிவாகக் கிடைக்கவில்லை. ஆகவே பேனாவைப் பிடித்தாலே போதும் என்று நான் சொல்ல வரவில்லை. கேட்டதையெல்லாம் வரிவரியாக எழுதித் தள்ளுபவருக்குப் பேனாவும் உதவாது.

இப்போது என் நோட்டில் அலகு இல்லாமல் எந்த எண்ணும் இருக்காது, சொன்னவர் யார் என்பது இல்லாமல் எந்தத் தகவலும் இருக்காது. பக்கத்தின் இடப்பக்கம் ஒரு கோடு போட்டு, அந்தக் குறுகிய பகுதியில் என் சந்தேகங்களை மட்டும் எழுதுகிறேன். கார்னெல் முறை என்று பெயர்பெற்ற பக்க அமைப்பிலிருந்து நான் எடுத்துக்கொண்டது இது. எதிரில் இருப்பவர் சொன்னது, நான் கண்ணால் பார்த்தது, நானாக ஊகித்தது ஆகிய மூன்றும் ஒரே வரியில் கலந்துவிட்டால், பிறகு அவற்றைப் பிரித்தெடுக்க எழுதியவராலேயே முடியாது. தவறாக எழுதியதை வெள்ளை மை பூசி மறைக்காமல், படிக்கும்படி ஒற்றைக் கோட்டால் அடித்துத் தேதியும் சுருக்கொப்பமும் இடுவது எங்கள் தொழிலில் மட்டுமல்ல, ஆய்வகங்களிலும் உள்ள வழக்கம்.

கிளம்புவதற்கு முன் குறிப்பை எதிரில் இருப்பவருக்கு வாசித்துக் காட்டி, "இப்படி எழுதியிருக்கிறேன், சரிதானா?" என்று கேட்டுவிடுகிறேன். சில நேரம் அவரே யோசித்து, ஏதாவது ஓர் எண்ணை மாற்றச் சொல்வார்.