தனிநபர் மசோதா என்றால் என்ன? மாநிலங்களவையில் எழுந்த ஒரு குரலும் திருநர் அடையாளச் சான்றிதழும்

நாடாளுமன்றத்தில் சட்டம் கொண்டுவருவது அமைச்சர்களின் வேலை என்றும், மற்ற உறுப்பினர்கள் பேசவும் வாக்களிக்கவும் மட்டுமே உரியவர்கள் என்றும் நம்மில் பலர் எண்ணிக்கொண்டிருக்கிறோம். உண்மை அதுவன்று. அமைச்சர் பொறுப்பில் இல்லாத எந்த உறுப்பினரும், ஆளுங்கட்சிக்காரரானாலும் எதிர்க்கட்சிக்காரரானாலும், தாமே ஒரு சட்டமுன்வடிவை எழுதி அவையின் முன் வைக்கலாம். இதற்குத்தான் தனிநபர் மசோதா என்று பெயர். வேறு நாடுகளில் செனட்டர் என்று அழைக்கப்படும் மேலவை உறுப்பினருக்கு நம் நாட்டில் மாநிலங்களவை உறுப்பினர் என்று பெயர். அப்படி ஓர் உறுப்பினர், தமிழ்நாட்டின் திருச்சி சிவா, திருநரின் (திருநங்கையர், திருநம்பியர் முதலியோரின்) உரிமைகளுக்காக 2014இல் கொண்டுவந்த மசோதாவை வைத்தே இந்த நடைமுறையை விளக்க முற்படுகிறேன். அந்த மசோதா சட்டமாகவில்லை. ஆனாலும் பின்னால் வந்த சட்டத்தை மக்கள் அளந்து பார்த்தது அதைக் கொண்டுதான்.

முதலில் விதிகள். மாநிலங்களவையில் ஓர் உறுப்பினர் ஒரு கூட்டத்தொடரில் 3 தனிநபர் மசோதாக்கள் வரை அறிமுகப்படுத்தலாம். அறிமுகத்துக்கு ஒரு மாதம் முன்னதாக அறிவிப்புக் கொடுக்க வேண்டும். மசோதாவின் நோக்கமும் காரணமும் கூறும் குறிப்பையும், அரசுக்குச் செலவு ஏற்படுமானால் அது குறித்த நிதிக் குறிப்பையும் உடன் இணைக்க வேண்டும். அரசின் பொதுக் கருவூலமான இந்தியத் தொகுப்பு நிதியிலிருந்து செலவு வைக்கும் மசோதாவாக இருந்தால், அரசியலமைப்பின் 117(3) பிரிவின்படி குடியரசுத் தலைவரின் பரிந்துரை கிடைத்த பிறகே அவை அதை நிறைவேற்ற முடியும். இப்பரிந்துரை நடைமுறையில் அமைச்சகத்தின் வழியாக வருவதால், ஏழை எளியோருக்காக எழுதப்படும் பல தனிநபர் மசோதாக்கள் இந்த வாசலிலேயே நின்றுவிடுகின்றன.

இவற்றுக்கு ஒதுக்கப்படும் நேரமும் குறைவு. வெள்ளிக்கிழமைகளில் அவையின் கடைசி இரண்டரை மணி நேரம் தனி உறுப்பினர்களுக்கு உரியது. அதுவும் ஒரு வெள்ளி மசோதாக்களுக்கு என்றால் அடுத்த வெள்ளி தீர்மானங்களுக்குப் போய்விடும். எந்த மசோதா முதலில் விவாதத்துக்கு வரும் என்பதைக் குலுக்கல் முடிவு செய்கிறது. வார இறுதிக்கு ஊர் திரும்பும் உறுப்பினர்கள் பலர் அந்த மாலையில் அவையில் இருப்பதில்லை. விவாதம் நடந்தாலும், துறை அமைச்சர் எழுந்து அரசே இதைப் பரிசீலிக்கும் என்று உறுதி கூறுவதும், அதை ஏற்று உறுப்பினர் மசோதாவைத் திரும்பப் பெற்றுக்கொள்வதும் வழக்கமாகிவிட்டது. விடுதலைக்குப் பின் இதுவரை சட்டமான தனிநபர் மசோதாக்கள் மொத்தம் 14 மட்டுமே. 1970க்குப் பிறகு ஒன்றுகூட இல்லை.

இந்தப் பின்னணியில்தான் 2015 ஏப்ரல் 24ஆம் நாள் வெள்ளிக்கிழமை நடந்ததைப் பார்க்க வேண்டும். அதற்கு ஓராண்டு முன்பு, 2014 ஏப்ரல் 15 அன்று, தேசிய சட்டப் பணிகள் ஆணையம் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் ஒரு தீர்ப்பு வழங்கியிருந்தது. ஆண், பெண் என்னும் இரண்டுக்குள் அடங்காத மூன்றாம் பாலினத்தைச் சட்டம் ஏற்க வேண்டும், தம் பாலினம் எதுவென்று சொல்லும் உரிமை அந்த மனிதருக்கே உண்டு, கல்வியிலும் வேலையிலும் அவர்களைச் சமூக ரீதியாகவும் கல்வி ரீதியாகவும் பின்தங்கியவர்களாகக் கருதி இடஒதுக்கீடு அளிக்க வேண்டும் என்பவை அதன் சாரம். தீர்ப்பு இருந்தது, அதைச் செயலாக்கும் சட்டம் இல்லை. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் ஆண், பெண் அல்லாத மூன்றாவது கட்டத்தில் தம்மைப் பதிந்துகொண்டவர்கள் ஏறத்தாழ 4.87 லட்சம் பேர். பதியத் தயங்கியவர்களையும் சேர்த்தால் இன்னும் பெரிய எண்ணிக்கையிலான மக்களின் வாழ்க்கை ஒரு தீர்ப்பின் தாளிலேயே நின்றுகொண்டிருந்தது.

சிவா தம் மசோதாவை 2014 டிசம்பரில் அறிமுகப்படுத்தியிருந்தார். ஏப்ரல் 24 விவாதத்தின் முடிவில் சமூக நீதித் துறை அமைச்சர் தாவர்சந்த் கெலாட் வழக்கம்போல் அதைத் திரும்பப் பெறுமாறு கேட்டுக்கொண்டார். சிவா இணங்கவில்லை, வாக்கெடுப்பு வேண்டும் என்று நின்றார். அவைத் துணைத் தலைவர் பி.ஜே. குரியன் மசோதாவைக் குரல் வாக்கெடுப்புக்கு விட, அது ஒருமனதாக நிறைவேறியது. எதிர்ப்புக் குரல் ஒன்றும் எழாமல், பல பத்தாண்டுகளுக்குப் பின் ஒரு தனிநபர் மசோதா மேலவையைக் கடந்தது. திரும்பப் பெறும்படி கேட்கும்போது மறுத்து நிற்பது என்னும் அந்தச் சிறு செயல் இல்லையென்றால், அந்த மாலையும் அவைக்குறிப்பில் ஒரு வரியாக முடிந்திருக்கும் என்றே நான் கருதுகிறேன்.

மசோதாவில் என்ன இருந்தது என்பதைச் சற்று நின்று பார்ப்பது நல்லது. கல்வி நிலையங்களிலும் அரசு வேலைகளிலும் 2 சதவீத இடஒதுக்கீடு அதில் இருந்தது. திருநருக்கென்று தேசிய அளவிலும் மாநில அளவிலும் ஆணையங்கள், அவர்களின் வழக்குகளை விசாரிக்கத் தனி நீதிமன்றங்கள் ஆகியவையும் இருந்தன. அதாவது உரிமையைச் சொல்வதோடு நில்லாமல், உரிமை மறுக்கப்பட்டால் எந்தக் கதவைத் தட்டுவது என்பதையும் அது சொன்னது.

மேலவை நிறைவேற்றிய மசோதா மக்களவைக்குச் சென்றது. அங்கே 2016இல் மக்களவை உறுப்பினர் பைஜயந்த் ஜெய் பாண்டா அதைக் கையில் எடுத்தார். ஆனால் அது நிறைவேறவில்லை. மாறாக, அரசு 2016 ஆகஸ்ட் 2 அன்று தன் சொந்த மசோதாவை மக்களவையில் வைத்தது. இங்கே வாசகர் கவனிக்க வேண்டிய விதி ஒன்று உண்டு. மாநிலங்களவையிலேயே நிலுவையில் இருக்கும் மசோதா, மக்களவை கலைந்தாலும் உயிரோடு இருக்கும். மாநிலங்களவை நிறைவேற்றி மக்களவையில் காத்திருக்கும் மசோதாவோ மக்களவை கலைந்ததும் காலாவதியாகிவிடும். மேலவையில் வென்ற காரணத்தாலேயே சிவாவின் மசோதாவுக்கு இந்த விதி பொருந்தியது; 2019இல் 16ஆவது மக்களவையோடு அதுவும் முடிந்தது.

அரசின் 2016 மசோதா திருநரிடையே கடும் வருத்தத்தை உண்டாக்கியது. முழுதும் ஆணும் அல்லாத, முழுதும் பெண்ணும் அல்லாத என்று மனிதரை இல்லாமையால் வரையறுத்தது அது. மருத்துவ அதிகாரியும் உளவியல் வல்லுநரும் அமர்ந்த மாவட்டக் குழுவின் முன் ஒருவர் நின்று, அந்தக் குழு ஒப்பினால்தான் திருநர் என்னும் அடையாளச் சான்றிதழ் என்றது. பிச்சையெடுக்கத் தூண்டுவதைக் குற்றமாக்கிய பிரிவு, வேறு பிழைப்பு கிடைக்காதவர்கள் மீதே திரும்பும் என்ற அச்சமும் இருந்தது. உச்ச நீதிமன்றத் தீர்ப்பும் மேலவை ஒருமனதாக ஏற்ற மசோதாவும் கையில் இருந்ததால், எது குறைந்துபோயிற்று என்பதைப் பிரிவு பிரிவாகக் காட்டுவது போராடியவர்களுக்கு எளிதாயிற்று. வரையறை 2018இல் மாறியது. 2019இல் மீண்டும் கொண்டுவரப்பட்ட வடிவத்தில் மாவட்டக் குழுவும் பிச்சை குறித்த பிரிவும் நீக்கப்பட்டிருந்தன.

2019 நவம்பர் 26 அன்று மேலவையில் அரசு மசோதா வாக்கெடுப்புக்கு வந்தபோது, அதை விரிவாக ஆராய உறுப்பினர்களைக் கொண்ட தெரிவுக் குழுவுக்கு அனுப்ப வேண்டும் என்று சிவா தீர்மானம் கொண்டுவந்தார். ஆதரவாக 55, எதிராக 74 வாக்குகள் விழுந்து அது தோற்றது. அரசு மசோதா நிறைவேறிச் சட்டமாகி, 2020 ஜனவரி 10 முதல் நடைமுறைக்கு வந்தது. விதிகள் அதே ஆண்டு செப்டம்பரில் வெளியாயின.

அடையாளச் சான்றிதழ் பெற அந்த விதிகள் 2020இல் வகுத்த வழி இது. விண்ணப்பதாரர் மாவட்ட ஆட்சியரிடம், நேரிலோ தேசிய இணையதளம் வழியாகவோ, விண்ணப்பத்தையும் தம் பாலினத்தைத் தாமே உறுதிசெய்யும் உறுதிமொழிப் பத்திரத்தையும் தர வேண்டும். பிறந்தபோது வைத்த பெயருக்கு ஓர் இடம், தாம் சூடிக்கொண்ட பெயருக்கு ஓர் இடம் என விண்ணப்பத்தில் இரண்டும் அடுத்தடுத்து இருக்கும். பெற்றோர் இட்ட பெயரால் பள்ளியில் அழைக்கப்பட்டுக் கூனிக் குறுகிய ஒருவர், அந்த இரண்டாவது இடத்தைத் தம் கையால் நிரப்புவது சிறிய காரியமன்று. உடற்பரிசோதனை எதுவும் கூடாது என்பது 2020 விதிகளின் முக்கியமான வரி. 30 நாளுக்குள் சான்றிதழ் தர வேண்டும்; மறுத்தால் காரணம் சொல்ல வேண்டும்; மறுப்பை எதிர்த்து 90 நாளுக்குள் மேல்முறையீடு செய்யலாம். சான்றிதழைக் காட்டினால் மற்ற அரசு ஆவணங்களில் பெயர், பாலினம், புகைப்படம் ஆகியவற்றை 15 நாளுக்குள் மாற்றித் தர வேண்டும். அறுவைச் சிகிச்சைக்குப் பின் ஆண் என்றோ பெண் என்றோ திருத்திய சான்றிதழ் வேண்டுவோருக்கு மட்டும் மருத்துவமனையின் சான்று தேவைப்பட்டது. சட்டமும் விதிகளும் திருத்தத்துக்கு உட்பட்டவை என்பதால், விண்ணப்பிக்கும் முன் மாவட்ட சமூக நல அலுவலகத்தில் நடப்பு நடைமுறையைக் கேட்டறிந்துகொள்வது பாதுகாப்பானது.

இயற்றப்பட்ட சட்டத்தில் இல்லாதவையும் சொல்லப்பட வேண்டும். தனி நீதிமன்றம் இல்லை. ஆணையத்தின் இடத்தில் ஆலோசனை கூறும் தேசியக் குழு வந்தது. திருநர் மீதான பாலியல் கொடுமைக்குச் சட்டம் வைத்த தண்டனை 6 மாதம் முதல் 2 ஆண்டு வரை மட்டுமே; ஒரு பெண்ணுக்கு இழைக்கப்படும் பாலியல் வன்கொடுமைக்குக் குறைந்தது 10 ஆண்டு என்று இருக்கும் நாட்டில் இந்த வேறுபாடு என் மனத்தை உறுத்துகிறது. இடஒதுக்கீடு அறவே இல்லை.

இடஒதுக்கீட்டைப் பொறுத்தவரை தமிழ்நாட்டின் அனுபவம் தனியாகப் பார்க்கத் தக்கது. 2008இலேயே நாட்டில் முதலாவதாகத் திருநங்கையருக்கு நல வாரியம் அமைத்த மாநிலம் இது. 2015இல் திருநரை மிகவும் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் அரசு சேர்த்தது. நல்லெண்ணத்தோடு செய்த ஏற்பாடுதான் என்றாலும் அதில் ஒரு சிக்கல் இருந்தது. பட்டியலினத்தில் பிறந்த திருநங்கை ஒருவர் இந்த வகுப்பில் வந்தால், திருநர் என்ற நிலையையும் சாதியால் வந்த நிலையையும் ஒருசேரக் கணக்கில் கொள்ள வழியில்லாமல் போனது. பெண்களுக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் இருப்பதுபோல ஒவ்வொரு வகுப்புக்குள்ளும் திருநருக்கு உள் இடம் ஒதுக்குவதே இதற்குத் தீர்வு என்று அவர்கள் கேட்டு வந்தார்கள். இவ்வகையான கிடைமட்ட ஒதுக்கீட்டை அளிக்குமாறு சென்னை உயர் நீதிமன்றம் 2024 ஜூனில் தமிழ்நாடு அரசுக்கு உத்தரவிட்டது. கர்நாடகம் 2021இலேயே அரசு வேலைகளில் 1 சதவீதத்தை இம்முறையில் ஒதுக்கியிருந்தது.

தம் ஊரின் ஏரி, ஆலைக் கழிவு, வீட்டுப் பணியாளர் ஊதியம் என எதைப் பற்றியேனும் சட்டம் வேண்டும் என்று எண்ணும் குடிமக்களும் இந்த வழியைப் பயன்படுத்தலாம். மாநிலங்களவை உறுப்பினருக்கு எழுதும்போது கோரிக்கையோடு நிறுத்தாமல், வேண்டும் சட்டப்பிரிவுகளையே வரைந்து அனுப்புவது பயன் தரும். ஒரு மாத அறிவிப்பு என்ற விதியால் கடிதம் கூட்டத்தொடர் தொடங்குவதற்கு வெகு முன்பே அவர் கையில் சேர வேண்டும். அவையில் பேசப்பட்ட ஒவ்வொரு சொல்லும் மாநிலங்களவை இணையதளத்தில் நாள்வாரியாகக் கிடைக்கிறது. 2015 ஏப்ரல் 24க்கு உரிய பக்கங்களும் அங்கே இருக்கின்றன.