நூறு உடையும், நூற்றொன்று உடையாது

கொழும்பு வெள்ளவத்தையில் காலி வீதியோரம் பஸ்ஸுக்குக் காத்து நிற்கும்போது எனக்கொரு கெட்ட பழக்கம்: வருகிற பஸ்ஸின் இலக்கத்தை உடைத்துப் பார்ப்பது. பாணந்துறைக்குப் போகும் 100 சொன்னபடி கேட்கும்: 2 × 2 × 5 × 5. அதன் பின்னாலேயே மொறட்டுவைக்குப் போகும் 101 வரும். அது எதற்கும் மசியாது. ஒன்றையும் தன்னையும் தவிர வேறெந்த எண்ணும் அதை மீதியின்றி வகுக்காது. இதை முதன்மை எண் என்று நாங்கள் படித்தோம். தமிழ்நாட்டில் பகா எண் என்பார்கள். உடையாது என்ற சேதி பெயரிலேயே இருப்பதால் எனக்கு அவர்களுடைய சொல்தான் பிடிக்கும்.

பஸ் வந்து நிற்பதற்குள் 101ஐ எப்படிச் சோதிப்பது? 2, 3, 5, 7 ஆகிய நான்கால் மட்டும் வகுத்துப் பார்த்தால் போதும். 101 இரண்டு எண்களின் பெருக்கமாக இருந்தால், இரண்டும் ஒருசேரப் பத்தைத் தாண்ட வழியில்லை; தாண்டினால் குறைந்தது 11 × 11 = 121 ஆகிவிடும். ஆகவே ஒன்றாவது பத்துக்குள் அகப்பட்டாக வேண்டும். அகப்படவில்லையா, தேடலை விட்டுவிடலாம்.

ஏமாற்றுகிற இலக்கங்களும் உண்டு. கட்டுநாயக்க பஸ்ஸின் 187ஐ நெடுநாள் முதன்மை எண் என்றே நம்பியிருந்தேன். முதலில் நிற்கும் ஒன்றையும் கடைசியில் நிற்கும் ஏழையும் கூட்டினால் நடுவிலுள்ள எட்டு வருகிறதே என்று ஒரு நாள் உறைத்தது. மூன்றிலக்க எண் அப்படி அமைந்தால் அது 11ஆல் வகுபடும். 187 என்பது 11 × 17.

எந்தப் பக்கமிருந்து உடைத்தாலும் கடைசியில் மிஞ்சும் முதன்மை எண்கள் மாறுவதில்லை. மகரகம பக்கம் போகும் 138ஐ 2ஆல் தொடங்கினாலும் 3ஆல் தொடங்கினாலும் 2, 3, 23 தான். ஒன்றை முதன்மை எண்ணாகக் கொள்ளாததும் இதற்காகவே. கொண்டால் எத்தனை ஒன்றுகளையும் ஒட்டிக்கொண்டே போகலாம்.

எண் பெரிதானால் உடைப்பது கடினம் என்றும் இல்லை. பத்து இலட்சம் நொடியில் நொறுங்கிவிடும்: ஆறு இரண்டுகள், ஆறு ஐந்துகள். 8051தான் வியர்க்க வைக்கும். 2, 3, 5 என்று வரிசையாக வகுத்துப் போனால் 22 முதன்மை எண்கள் கைவிட்ட பிறகு 83 வந்து காப்பாற்றும்.

இதற்கு பிரான்ஸின் துலூஸ் நகரத்தில் வாழ்ந்த பியர் டி ஃபெர்மா 17ஆம் நூற்றாண்டில் ஒரு குறுக்குவழி கண்டார். 8051க்குச் சற்று மேலேயுள்ள வர்க்க எண் 90 × 90, அதாவது 8100. வித்தியாசம் 49. அதுவும் ஒரு வர்க்க எண், 7 × 7. அப்படியானால் 8051 = (90 − 7) × (90 + 7) = 83 × 97. ஒரே அடியில் வேலை முடிந்தது! அவர் இவ்வழியில் உடைத்துக் காட்டிய எண் 2027651281. பன்னிரண்டாம் முயற்சியில் அது 44021 × 46061 என்று பிரியும்.

காரணிகள் இரண்டும் அருகருகே இருந்தால்தான் இந்த வித்தை பலிக்கும். 1977இல் உருவான, செய்திகளைப் பிறர் படிக்க முடியாதபடி மறைக்கும் ஆர்.எஸ்.ஏ. என்ற மறைகுறியாக்க முறை இரண்டு பெரிய முதன்மை எண்களைப் பெருக்கி, விடையை மட்டும் ஊரறியச் சொல்கிறது. பெருக்குவது கணினிக்கு விளையாட்டு. விடையிலிருந்து அந்த இரண்டுக்கும் திரும்பிப் போவதுதான் பாடு; மறைப்பின் பலமே அதுதான். 250 இலக்கமுள்ள ஓர் எண்ணை 2020இல் உடைத்தார்கள். அந்த வேலையைக் கணினிச் செயலியின் ஒரேயொரு உள்ளகத்திடம் (core) கொடுத்திருந்தால் ஏறத்தாழ 2700 ஆண்டுகள் பிடித்திருக்கும். ஆனால் 2022இல், சில அச்சு இயந்திரங்கள் இம்முறைக்காகத் தமக்கென உருவாக்கிய சாவிகளில், அதாவது அப்படிப் பெருக்கிய எண்களில், இரண்டு முதன்மை எண்களும் பக்கத்துப் பக்கத்தில் இருந்தது தெரியவந்தது. நூற்றுக்கணக்கான இலக்கங்கள் கொண்ட அந்த எண்களை ஃபெர்மாவின் பழைய வழி நொடிப்பொழுதில் உடைத்துவிட்டது.