விக்கா பெருநாளுக்கு லீவு கொடுக்க வேண்டுமா?

அக்டோபர் கடைசி வாரம் லண்டனில் கடை வைத்திருக்கும் நம்மவர்களுக்கு மூச்சு விட நேரம் இருக்காது. ஹாலோவீனுக்கான பூசணிக்காயும் மிட்டாய்ப் பெட்டிகளும் வாசல்வரை அடுக்கியிருக்கும். 2024இல் தீபாவளியும் சரியாக 31ஆம் திகதி வந்து சேர்ந்தது. வேலைச் சட்டம் பார்க்கிற எனக்கு அப்போது வந்த ஓர் அழைப்பை, ஆள் அடையாளம் தெரியாதபடி மாற்றி எழுதுகிறேன்.

“தம்பி, டில்லில நிக்கிற வெள்ளைக்காரப் பிள்ளை 31ஆம் திகதி லீவு கேக்குது. தன்ர சமயத்தில அண்டைக்குப் பெருநாளாம். என்ன சமயமெண்டு கேட்டா விக்காவாம். அது சூனியமெல்லே? சூனியத்துக்கும் லீவு குடுக்கோணுமே?”

“அண்ணை, அண்டைக்கு நீங்கள் கடையில நிப்பியளோ?”

“நான் எப்பிடி? தீபாவளியெல்லே!”

விக்கா என்பது இயற்கையைத் தெய்வமாகப் போற்றும் ஒரு மேற்கத்தியச் சமயம். அந்தப் பிள்ளை கேட்டது அதில் சாவன் என்ற நாள். அக்டோபர் 31 மாலை தொடங்கி இறந்த முன்னோரை நினைப்பார்கள். விக்கா ஆட்களுக்கு ஆண்டில் எட்டுப் பெருநாள். எல்லாம் சூரியனையும் பருவத்தையும் ஒட்டியவை. யாருக்கும் தீங்கு செய்யாதே என்பது அவர்களுடைய அடிப்படை நெறி. தேசிக்காய் வெட்டிப் படலையடியில் புதைக்கிற வேலை அதில் இல்லை. 2021 குடிசனக் கணக்கெடுப்பில் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் சுமார் 74,000 பேர் தங்களைப் பேகன் (இயற்கை வழிபாட்டு மரபினர்) என்றும் 13,000 பேர் விக்கா என்றும் எழுதியிருக்கிறார்கள்.

அண்ணைக்கு அடுத்த சந்தேகம், “உது நேற்று முளைச்சதெல்லே?” ஒரு வகையில் உண்மைதான். விக்கா இன்றைய வடிவில் வெளியே வந்தது 1950களில், ஜெரால்ட் கார்ட்னர் என்பவரால். அதற்கு முன் வெளிப்படையாகச் சொல்ல முடியாது. மந்திர சக்தி இருப்பதாகப் பாசாங்கு செய்வதைக் குற்றமாக்கிய 1735ஆம் ஆண்டுச் சட்டம் 1951வரை இருந்தது. அதன் கீழ் இறந்தவரின் ஆவியோடு பேசுவதாகச் சொன்ன ஹெலன் டங்கன் என்ற பெண்ணுக்கு 1944இல்கூட ஒன்பது மாதச் சிறை விழுந்தது.

ஆனால் பிரிட்டனின் சமத்துவச் சட்டம் 2010 ஒரு சமயம் பழையதா புதியதா என்று பார்ப்பதில்லை. 10ஆம் பிரிவு “எந்தச் சமயமும்” என்கிறது. சமயம் இல்லாததும், தத்துவ நம்பிக்கையும் அதற்குள் அடக்கம். 2013இல், சயன்டாலஜி என்ற புதிய சமயத்தின் ஆலயத்தில் திருமணம் செய்ய விரும்பிய பெண்ணின் வழக்கில் உச்ச நீதிமன்றம், ஒரே பரம்பொருளை வணங்கினால்தான் சமயம் என்ற பழைய அளவுகோலைத் தள்ளிவிட்டது. அந்த அளவுகோலில் பௌத்தமும் சமணமும்கூடத் தேறாது. 2010இல் ட்ரூயிட் நெட்வொர்க் என்ற இயற்கை வழிபாட்டுக் குழுவும் சமய அறக்கட்டளையாகப் பதிவானது. நீதிமன்றம் பார்ப்பது ஆள் உண்மையாக நம்புகிறாரா, அந்த நம்பிக்கைக்கு ஒரு கனமும் ஒழுங்கும் இருக்கிறதா, அது பிறர் மானத்தை மிதிக்கிறதா என்பதைத்தான். தெய்வம் மெய்யா பொய்யா என்று எந்த நீதிபதியும் கேட்கமாட்டார்.

இது சரியான அளவுகோல் என்றே நினைக்கிறேன். ஆலமரத்தடியில் சூலம் நட்டு வைரவரைக் கும்பிட்ட நாங்கள் மற்றவனிடம் வேதப்புத்தகம் எங்கே, கோயில் எங்கே என்று கேட்க முடியாது. 1849இல் கால்டுவெல் திருநெல்வேலி நாட்டார் வழிபாட்டைப் பேய் வழிபாடு என்றுதான் எழுதினார்.

அதற்காகக் கேட்ட லீவெல்லாம் கொடுத்தே ஆகவேண்டும் என்றில்லை. யாருக்கும், இந்துவுக்கும்கூட, சமய லீவு தானாகக் கிடைக்கும் உரிமை அல்ல. ஆள் பற்றாக்குறை மெய்யாக இருந்து, வேறு வழி தேடியும் கிடைக்காவிட்டால் மறுக்கலாம். காரணத்தை எழுதி வையுங்கள். ஆனால் ஒருவருக்குத் தீபாவளிக்கு ரோட்டா (வேலை நேர அட்டவணை) மாற்றிக்கொடுத்து, மற்றவருக்கு “உது சமயமில்லை” என்று மறுத்தால் மாட்டிக்கொள்வீர்கள். விக்கா அடையாளமாகக் கழுத்தில் போடும் ஐங்கோண நட்சத்திரமும் அப்படித்தான்: சிலுவையும் ஓம் பென்டனும் போடலாம் என்றால் அதையும் போடலாம்.

அதிகம் வில்லங்கம் தருவது வாட்ஸப் குழு. “துடைப்பத்தில் பறந்து வாறியா?” என்று கூட வேலை செய்கிறவர் போடும் பகிடிகூடத் துன்புறுத்தலாகலாம், தடுக்க நியாயமான நடவடிக்கை எடுக்காவிட்டால் பொறுப்பு முதலாளிக்கும் வரும். வந்து ஆறு மாதம்தானே என்ற சமாதானம் எடுபடாது, பாகுபாட்டு வழக்குக்கு இவ்வளவு காலம் வேலை செய்திருக்க வேண்டும் என்ற விதியே இல்லை. இழப்பீட்டுக்கு உச்சவரம்பும் கிடையாது. 2025 ஏப்ரலில் வகுத்த அளவின்படி, மனவேதனைக்கு மட்டும் மிகக் குறைந்த படிநிலையே 1,200 முதல் 12,100 பவுண்வரை இருந்தது.

இலவசப் பேப்பர்களில் “செய்வினை எடுக்கப்படும்” என்று விளம்பரம் போட்டு ஆயிரக்கணக்கில் கறக்கும் நம் சாஸ்திரிமாரை இதோடு குழப்பவேண்டாம். அது நுகர்வோர் சட்டத்தின் கீழ் வரும் ஏமாற்று. (அவர்களிடம் யாரும் “இது சமயமா?” என்று கேட்டதாக நான் கேள்விப்படவில்லை.)

அண்ணை கடைசியில் மருமகனை மாலை ஐந்து மணியிலிருந்து நிற்கவைத்து அந்தப் பிள்ளைக்கு லீவு கொடுத்தார். நீங்கள் அப்படிச் செய்யாமல், வேலைத் தகராறுகளைச் சமரசம் செய்துவைக்கும் ஏகாஸ் (Acas) அமைப்பிடமிருந்து ‘முன்கூட்டிய சமரசம்’ என்று ஈமெயில் வந்தால் ஜங்கில் கிடக்க விடாதீர்கள். வேலை நியாயசபைக்குப் போகுமுன் ஆறுதலாகப் பேசித் தீர்க்க அங்கேதான் இடமுண்டு.