போகிக்கு முன்னால் பின்பக்கத்தையும் பாருங்கள்

மார்கழி பிறந்தால் எனக்கு வயிற்றைக் கலக்கும். போகிக்கு வீட்டை ஒழிக்கிறேன் என்று ஊரே பரணில் ஏறும் மாதம் இது. பழைய போட்டோக்களைச் சீர்செய்து தருவதுதான் இருபத்திரண்டு வருஷமாக என் பிழைப்பு. பரணிலிருந்து இறங்கியது நேராக என்னிடம் வந்தால் சந்தோஷம். பழைய பேப்பர்காரர் வண்டிக்குப் போன பிறகு என்னிடம் வருகிறார்களே, அதுதான் தாங்கவில்லை.

போன வாரம் வந்தவர் இந்த மாதத்தில் மூன்றாவது ஆள். அம்மா தவறிவிட்டார், பதினாறாம் நாளுக்குப் படம் வேண்டும், 12-க்கு 18 அங்குலத்தில். செல்போனை நீட்டினார். சுவரில் மாட்டியிருந்த படத்தை யாரோ போனில் எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பியது. அம்மாவின் நெற்றிக்குக் குறுக்கே டியூப்லைட் வெள்ளையாக விழுந்திருந்தது. "ஒரிஜினல் எங்கே சார்?" என்றேன். வீட்டை பில்டரிடம் கொடுத்துவிட்டார்களாம். காலி செய்யும்போது ஃப்ரேமெல்லாம் காயலான் கடைக்குப் போய்விட்டது. "அதான் போட்டோ எடுத்து வெச்சிருக்கோமே" என்றார், ஏதோ நான்தான் விவரம் தெரியாமல் கேட்கிற மாதிரி.

அதான் போட்டோ எடுத்து வெச்சிருக்கோமே! இதை யார் கிளப்பிவிட்டார்களோ. வீட்டை ஒழுங்குபடுத்தச் சொல்லித்தரும் வீடியோக்களில் எல்லாம் வருகிறது: நினைவுப் பொருளைப் படம் எடுங்கள், பொருளைக் கொடுத்துவிடுங்கள். தையல் மிஷினுக்கு அது சரி. ஆட்டுக்கல்லுக்கும் சரி. போட்டோவுக்கு எப்படிச் சரியாகும்? கணக்கே சொல்கிறேன். அந்த அளவில் படம் நன்றாக வர அங்குலத்துக்கு 300 புள்ளி வேண்டும். அதாவது 3600-க்கு 5400. வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பிய படத்தின் நீளப்பக்கமே 1600 புள்ளியைச் சுற்றித்தான் நிற்கும். அங்குலத்துக்குத் தொண்ணூறுகூடத் தேறாது. அதிலும் பாதி இடம் சுவருக்கும் ஃப்ரேமுக்கும் மாலைக்கும் போய்விடுகிறது. முகத்துக்கு மிஞ்சுவது கட்டைவிரல் நகமளவு.

"ஏஐ ஆப்பில் போட்டால் தெளிவாகிடுமாமே?" ஆகும். இல்லாததை அது இட்டுக்கட்டி நிரப்பும். ஒரு அம்மாவின் மோவாயில் இருந்த மச்சத்தைத் தூசி என்று நினைத்துத் துடைத்துவிட்டது, மூக்குத்தியையும் விழுங்கிவிட்டது. பார்க்க லட்சணமாகத்தான் இருந்தது. மகள் பார்த்துவிட்டு, "இது எங்க சித்தி மாதிரி இருக்கு" என்றார்.

அப்புறம், போனில் படம் எடுப்பவர் யாரும் பின்பக்கத்தை எடுப்பதில்லை. ஸ்டுடியோ முத்திரை, தேதி, பென்சிலில் எழுதிய பெயர் எல்லாம் அங்கேதான் இருக்கும். ஒரு பேரன் கொண்டுவந்த அட்டைப் படத்தின் பின்னால் ரங்கூன் ஸ்டுடியோ முத்திரை இருந்தது. தாத்தா பர்மாவில் இருந்தார் என்பதே அந்த வீட்டில் யாருக்கும் தெரியாது. 1942-இல் குண்டுக்குப் பயந்து நடந்தே ஊர் திரும்பினவர்களில் அவரும் ஒருவரோ என்னவோ. கேட்டுச் சொல்லத்தான் ஆள் இல்லை.

அதற்காக எல்லாவற்றையும் வைத்துக்கொள்ளச் சொல்கிறேனா? இல்லவே இல்லை. கல்யாண ஆல்பத்தில் 400 படம் என்றால் அதில் நூறு பந்தி, ஐம்பது முகூர்த்த நேரத்துப் பிடரி. கழித்துவிடுங்கள், ஒரு பாவமும் இல்லை. ஊட்டி ஏரி, தாஜ்மகால், ஆளே இல்லாத கோபுரம், எல்லாம் போகட்டும். நெகட்டிவை மட்டும் தொடாதீர்கள். "பிரிண்ட்தான் இருக்கே" என்று முதலில் எறிவது அதைத்தான். பிரிண்டே நெகட்டிவிலிருந்து எடுத்த நகல்தானே ஐயா! கறுப்பு வெள்ளை நெகட்டிவ் நல்லபடியாக இருந்தால் பாட்டியின் புடவைக் கரை வரை எடுத்துத் தருவேன்.

பாத்திரம், துணி, கடிதம் பற்றியும் கேட்கிறார்கள். என் கணக்கு எளிது: அதில் பெயரோ கையெழுத்தோ இருக்கிறதா, அதைப் பற்றி இரண்டு வரி சொல்ல வீட்டில் ஆள் இருக்கிறதா? பெயர் வெட்டிய பித்தளைத் தவலை ஒன்று போதும். வெட்டாத பத்தும் வேண்டாம். பழைய நோட்டீஸ், இதழ், அழைப்பிதழ் கட்டுகட்டாக இருந்தால் எறிவதற்கு முன் நூலகத்தில் கேளுங்கள். கோட்டையூரில் ரோஜா முத்தையா ஒற்றை ஆளாகச் சேர்த்த புத்தகங்களையும் காகிதங்களையும் வைத்துத்தான் அவர் பெயரில் சென்னையில் ஆராய்ச்சி நூலகம் 1994-இல் உருவாயிற்று. எதைக் கொண்டுபோனாலும் வாங்கிக்கொள்வார்கள் என்று நினைக்காதீர்கள், அவ்வளவுதான்.

என் மனைவி குழந்தைகள் வார்டில் நர்ஸ். இதைச் சொல்லாவிட்டால் வீட்டில் சோறு கிடைக்காது: அந்துருண்டை போட்டு வைத்த குழந்தைச் சட்டையை ஆசையாக எடுத்து, பிறந்த பேரனுக்கு மாட்டாதீர்கள். ஜி6பிடி என்ற நொதிக் குறைபாடுள்ள குழந்தையாக இருந்தால் ரத்தச் சிவப்பணுக்கள் சிதைந்து மஞ்சள்காமாலை கடுமையாகும். ஞாபகத்துக்கு வைத்ததைப் பெட்டியிலேயே விட்டுவிடுங்கள்.

சரி, போட்டோவுக்கு வருவோம். லேமினேஷன் செய்யாதீர்கள். செய்துவிட்டு "பிரித்துக் கொடுங்க" என்று வராதீர்கள், பிரியாது. செல்லோடேப் வேண்டாம். கண்ணாடியில் ஒட்டிக்கொண்ட படத்தை இழுத்தால் முகம் கண்ணாடியோடு நின்றுவிடும், காகிதம்தான் கையில் வரும். கண்ணாடியோடு கொண்டுவாருங்கள், அப்படியே ஸ்கேன் எடுக்கலாம். பிரிண்டை ஸ்கேன் எடுக்க 600 டிபிஐ, அதாவது அங்குலத்துக்கு 600 புள்ளி, கேட்டு வாங்குங்கள், பின்பக்கத்தையும் சேர்த்து. பத்திரம் என்று மறுபடியும் பரணில் ஏற்றாதீர்கள். சித்திரை வெயிலில் மொட்டைமாடிக்கு அடியில் கையை வைத்துப் பார்த்தால் தெரியும். பீரோவின் அடித்தட்டும் ஆகாது. 2015 டிசம்பர் வெள்ளத்துக்குப் பிறகு என்னிடம் வந்த ஆல்பங்கள் அநேகமாக அடித்தட்டில் இருந்தவைதான். நடுத்தட்டில் வையுங்கள். கல்யாண வீடியோ கேசட் இருந்தால் இனிமேல் தள்ளிப்போடவே வேண்டாம். அதை ஓட்டும் மிஷினைக் கடைசியாகச் செய்துவந்த ஜப்பான் கம்பெனியும் 2016-இல் நிறுத்திவிட்டது.

ஒன்று மட்டும் கெஞ்சிக் கேட்கிறேன். சாவு நடந்த வீட்டில் பதினாறு நாளுக்குள் பீரோவை ஒழிக்காதீர்கள். அம்மாவோ அத்தையோ நடமாட்டமாக இருக்கும்போதே பக்கத்தில் நாற்காலி போட்டு உட்காரவைத்து, படத்தை ஒவ்வொன்றாகக் கையில் கொடுங்கள். அந்தப் போனில் படம் எடுக்காமல் அவர்கள் பேச்சைப் பதிவு செய்யுங்கள். அவர்கள் பெயர் சொல்லாத படத்தைத் தயங்காமல் கழியுங்கள். ஒரு மத்தியானத்தில் நாற்பது படம்கூட நகராது. நகர வேண்டாம்.

போன வாரம் வந்தவருக்குப் போஸ்ட்கார்டு அளவில்தான் போட்டுக் கொடுத்தேன். அதற்கு மேல் இழுத்தால் முகம் கட்டம் கட்டமாக உடையும். "இவ்வளவுதானா சார்?" என்று இரண்டு முறை கேட்டார்.

போகிக்கு இன்னும் ஒன்பது நாள் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை மதியம் வரை கடை உண்டு. ஃப்ரேமோடு கொண்டுவாருங்கள், ஃப்ரேமின் ஆணியை நீங்கள் பிடுங்காதீர்கள்.